ஒரு சொட்டு ரத்தமும் பன்னிரண்டு பேர் எச்சிலும்

பதினோரு பெண்கள் வரிசையாக நின்று வெள்ளை நூலை மென்றுகொண்டிருக்கிறோம். யாரும் பேசவில்லை. வாயில் நூலை வைத்துக்கொண்டு என்னத்தைப் பேசுவது? எதிரே மேஜைமேல் பெரிய கட்டில் அளவுக்கு ஒரு வெள்ளைக் குயில்ட் விரித்துக் கிடக்கிறது. அதன் நடுவில், நட்சத்திரம் தைத்த இடத்தில், துவரம்பருப்பு அளவு ஒரு ரத்தக்கறை.

"யாரு எச்சில் பட்டு இது போகுதோ, அவங்க ரத்தம்தான் இது. அவங்க நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார் சூப்பர்வைசர் ஷீலா மேடம்.

போலீஸ், கோர்ட்டு, கைரேகை என்று இந்த நாட்டில் எத்தனை வீண் செலவு! ஊருக்கு ஒரு ஷீலா மேடத்தையும் ஒரு நூல்கண்டையும் கொடுத்தால் வேலை முடிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ரத்தம் என்னுடையது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, நானும் மாடு மாதிரி மென்றுகொண்டு நின்றேன்.

தப்புக்காரி

இந்தத் தொடரில் பாதியில் வந்து ஏறுகிறவர்களுக்காக மறுபடி சொல்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற சாலையில், கீழ்புத்துப்பட்டு வருவதற்குச் சற்று முன்னால், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தது எங்கள் பட்டறை. தகரக் கூரை, ஆறு மின்விசிறி, அதில் நாலு சுற்றும்.

குயில்ட் என்பது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. மேலே துண்டு துண்டாக வெட்டி இணைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து, அரிசி அரிசியாகக் கையால் தையல் போடுவோம். எங்கள் ஊர் வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். கடல் கடந்து எங்கேயோ பனி பெய்கிற ஊரில் யாரோ ஒரு அம்மா போர்த்திக்கொள்வதற்காக, சித்திரை மாதத்தில் நாங்கள் பஞ்சை மடியில் வைத்துக்கொண்டு வேகுவோம். முடிந்ததும் ஓரத்தில் ஓர் அட்டை தொங்கவிடுவார்கள். அன்போடு கையால் தைத்தது என்று அதில் அச்சடித்திருக்கும். அன்பு யாருடையது என்று எனக்குத் தெரியாது. கை எங்களுடையது.

என் வேலை தைப்பது இல்லை. மற்றவர்கள் தப்பாகத் தைத்ததைச் சரிசெய்வது. கோணலான தையலைப் பிரிப்பது, தலைகீழாக வைத்த துண்டைத் திருப்பி வைப்பது, கத்தரி பட்டுக் கிழிந்ததை மூடுவது. அதனால் எனக்குப் பெயரே தப்புக்காரி. "தப்புக்காரியக் கூப்புடு" என்று குரல் வந்தால் ஊசியும் கையுமாகப் போவேன். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் முதல் வாரம் என்னைப் பார்த்து ஒதுங்கி உட்காருவார்கள். பாவம், என்னத்தை நினைத்தார்களோ.

மீனா, இலையா

தப்பைச் சரிசெய்வதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் மறைக்க முடிந்தால் மறை. முடியாவிட்டால், வேண்டுமென்றே செய்ததுபோல் ஜம்மென்று காட்டு. ஊரில் பெரிய மனிதர்கள் வாழ்வதும் இந்தச் சட்டப்படிதான்.

ஒருமுறை நூலை வெட்டப்போய் ஒருத்தி துணியையே வெட்டிவிட்டாள். கறிவேப்பிலை நீளத்துக்கு ஓட்டை, அதுவும் பளிச்சென்று ஓரத்தில். அவள் அழுத அழுகையில் இன்னொரு கறை வராமல் இருந்தது சாமி புண்ணியம். நான் நீலத் துணியில் ஒரு சின்ன மீன் வெட்டி, ஓட்டைமேல் வைத்து, விளிம்பை மடித்து, நூல் வெளியே தெரியாதபடி ஒளித்தையல் போட்டேன். எனக்கே பெருமை தாங்கவில்லை.

குப்பத்திலிருந்து வருகிற வசந்தா வந்து எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில்.

"இன்னாக்கா இது?"

"மீனுடி."

"செவுளு எங்க? வாலு இப்டியா இருக்கும்? இத எங்கூட்டுக்காரர்கிட்ட காட்டுனா வலைய கடல்ல போட்டுட்டு அழுவாரு."

அவளுக்குப் பயந்து செவுள் வைத்தேன், துடுப்பு வைத்தேன், கண்ணும் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து அந்த வெளிநாட்டு அம்மாவிடமிருந்து பாராட்டு வந்தது. ஓரத்தில் இருக்கிற அந்த ஒற்றை இலை அவரை உருக்கிவிட்டதாம். அடுத்த ஆர்டரில் எல்லாவற்றிலும் அந்த இலை வேண்டுமாம். வசந்தா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

டீம் மிஸ்டேக்

ஷீலா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் அறிவு வேண்டும். பாண்டிச்சேரியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். துணியில் சாக்பீஸால் கோடு போட்டு, துண்டுகளை வெட்டிக் கொடுப்பது அவர் பொறுப்பு. ஊசியைத் தொட மாட்டார். நாங்கள் தப்பாகத் தைத்தால், "இது யாரோட மிஸ்டேக்?" என்று கூடம் அதிரக் கேட்பார். அவர் அளவு தப்பாக வெட்டிக் கொடுத்தால் மட்டும், "சரி விடுங்க, இது டீம் மிஸ்டேக்" என்பார். அந்த டீமில் நாங்கள் எப்போது சேர்ந்தோம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்தப் பெரிய வெள்ளைக் குயில்ட் சட்டத்தில் ஏறிய அன்றே ஒரு சட்டம் போட்டார். "வெள்ளையில ஒரு கறை வந்துச்சின்னா, யாரா இருந்தாலும் சரி, வீட்டுக்குத்தான்."

யாரா இருந்தாலும். இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. பட்டறையில் வேலை செய்கிறவள் உப்பளத்துக்குப் போகக்கூடாது. உப்பில் நின்று பலகை பிடித்து வாரினால் கை வெடிக்கும், வெடித்த கை வெள்ளைத் துணியைக் கெடுக்கும் என்பது காரணம். காரணம் சரிதான். உப்பளக்காரி கையைப் பார்த்திருக்கிறீர்களா? ஏரி வற்றின தரைபோல இருக்கும். வெடிப்புக்குள் உப்புத்தண்ணீர் போகும்போது எரியும் பாருங்கள், அப்பா! பெற்ற வலியே தேவலாம்.

எங்களோடு தைக்கிற அஞ்சலை ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பளத்துக்குப் போனாள். ஒளிக்கவும் இல்லை. புருஷன் விட்டுவிட்டுப் போனவன், இரண்டு பெண் பிள்ளைகள். ஒருமுறை மேடத்திடம் மாட்டி, கெஞ்சி, கடைசி எச்சரிக்கை வாங்கியிருந்தாள். நான் போவதில்லை என்று பேர். அந்த வெள்ளைக் குயில்ட் முடிகிற வாரம் மட்டும் போனேன். பாத்தியெல்லாம் உப்பு விளைந்து நிற்கிறது, தெற்கே கருமேகம் கட்டுகிறது. ஒரு மழை பெய்தால் மொத்தமும் கரைந்து தண்ணீர். "மூணு நாளு மட்டும் வாயேன் ஜெயா" என்று உப்பளத்தில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர் கேட்டார். விடியற்காலையில் போய் வாரிவிட்டு, குளித்து, பூ வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல் பட்டறைக்கு வந்தேன்.

துவரம்பருப்பு

குயில்ட் முடிந்தது. மறுநாள் காலையில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அப்போதுதான் ஒருத்தி கண்டுபிடித்தாள், நடு நட்சத்திரத்தின் ஒரு முனை தப்பான பக்கம் திரும்பியிருக்கிறது. வெட்டிக் கொடுத்தபோதே வந்த கோளாறு. டீம் மிஸ்டேக். கூப்பிடு தப்புக்காரியை.

அந்த ஒரு முனையை மட்டும் பிரித்து, திருப்பி, மேலிருந்தே ஒளித்தையல் போட்டு முடிக்க எனக்கு மத்தியானம் ஆனது. அவசரத்தில் விரலுறை போடவில்லை. சாப்பிட உட்கார்ந்து குழம்பில் கை வைத்ததும் பெருவிரல் சுரீர் என்றது. பார்த்தால், வெடிப்பு பிளந்து ரத்தம் உறைந்திருக்கிறது. அய்யய்யோ என்று எழுந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து மேடத்தின் அலறல் கேட்டது.

எல்லாரும் ஓடினோம். கறை காய்ந்துவிட்டிருந்தது. மேடம் யோசிக்கவே இல்லை, நேரே அஞ்சலையிடம் போனார். சட்டத்தில் நட்சத்திரத்துக்கு நேராக உட்கார்ந்து தைத்தவள் அவள்தான்.

"கையக் காட்டு."

அஞ்சலை இரண்டு கையையும் விரித்தாள். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. "இதுல எதுன்னு சொல்லட்டும் மேடம்?" என்றாள்.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. திறந்தால் உப்பளத்துக்குப் போனதும் வெளியே வரும், வேலையும் போகும், வருஷம் முழுக்க அந்த வெள்ளை வெயிலில் கண் கூசிக்கொண்டு நிற்க வேண்டும். பயந்தேன். பட்டறை நிழலில் ஆறு வருஷம் உட்கார்ந்தவளுக்கு வருகிற பயம் அது. என் கட்டைவிரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டு, எல்லாரையும் போல அஞ்சலையைப் பார்த்தேன்.

"நான் இல்ல மேடம்" என்றாள் அவள். "எம் பொண்ணுங்க மேல சத்தியமா நான் இல்ல."

தண்ணீர் போட்டுத் துடைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் பட்டறை போர்த்தண்ணீர் உப்பு. ஒரு துளி பட்டாலும் காய்ந்தபின் வட்டமாகத் தடம் விழும். கேன் தண்ணீரும் உதவாது, பஞ்சுக்குள் இறங்கிப் பழுப்பாகப் பரவும். சின்னக் கறைக்கு எச்சில்தான் மருந்து. ஒரு முழம் வெள்ளை நூலை வாயில் போட்டு மென்று, அந்த ஈர உருண்டையால் ஒற்ற வேண்டும். ஊசி பிடிக்கிற எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம்.

நான் அதைச் சொன்னதும் மேடத்தின் முகம் பளிச்சென்று ஆனது. கைப்பேசியில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். "கரெக்ட்! அவங்கவங்க எச்சில்தான் அவங்கவங்க ரத்தத்தை எடுக்கும். அது சயின்ஸ்!" என்றார். "எல்லாரும் வரிசையா நில்லுங்க. ஜெயா, நீ ஒத்தி எடு. யாருதுன்னு இப்போ தெரிஞ்சுடும்."

வரிசை

கறையை எடுக்க வழி சொன்னேன், கடைசியில் அதைத் திருடியைப் பிடிக்க மந்திரவாதி போடுகிற மையாக்கிவிட்டார்.

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்ல ஒரு வாரம் போதாது. "மேடம், காலைல நெத்திலிக் கொழம்பு சாப்ட்டேன், பரவால்லியா?" என்று வசந்தா கேட்டாள். பஞ்சவர்ணம் அக்கா வெற்றிலை போடுகிறவர். வேறு கறை வந்துவிடப்போகிறது என்று அவரை மூன்று முறை வாய் கொப்பளிக்க அனுப்பினார்கள். பெண்கள் தினத்தன்று எங்கள் ஒற்றுமையைப் பற்றி முதலாளியம்மா பேசினாரே, அந்த ஒற்றுமையை அன்றைக்குத்தான் பார்த்தேன். பதினோரு தாடையும் ஒன்றாக அசைந்தது.

"மொதல்ல நானே செஞ்சு காட்டுறேன் மேடம்" என்றேன். இது தாராளம் இல்லை, தந்திரம். காய்ந்த கறை முதல் ஈரத்துக்கு அசையாது. நாலைந்து பேர் எச்சில் ஊறின பிறகுதான் இளகும். அதனால் முதலில் நிற்கிறவள் தப்பித்தாள் என்பது என் எண்ணம். அவரவர் ரத்தத்துக்கு அவரவர் எச்சில் என்பதை நான் நம்பியதே இல்லை.

என் உருண்டையை வைத்து ஒரே ஒரு ஒற்று. எடுத்துப் பார்த்தால் அடியில் இளஞ்சிவப்பு! பாழாய்ப்போன ரத்தம், சொந்தக்காரியைக் கண்டதும் ஓடி வருகிறது. உருண்டையை உள்ளங்கைக்குள் சுருட்டி, கறைமேல் விரலை வைத்துக்கொண்டு, "வரல மேடம்" என்றேன்.

நல்லவேளை, மேடம் துணியைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருடி முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்தது அஞ்சலை. அவள் உருண்டையை வாங்கினேன். ஒற்றினேன். "வரல மேடம்" என்றேன்.

"நல்லாத் தேச்சுப் பாரு."

"தேச்சா துணி நூலு எழும்பிடும் மேடம்."

அதன் பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பட்டும் படாமலும் ஒற்றி, வரல, வரல என்று சொல்லிக்கொண்டே போனேன். பதினோராவது ஆளும் முடிந்தது. கறை இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் ஊறிப்போய், எப்போது போவோம் என்று காத்திருந்தது. மேடத்துக்கு முகம் கறுத்தது. "அப்போ யாருது? ஆவியா வந்து தச்சிச்சு?"

மேடமும் மென்றார்

"இன்னும் ஒரு ஆளு பாக்கி இருக்குது மேடம்" என்றாள் அஞ்சலை.

"யாரு?"

"நீங்கதான்."

"நானா? நான் எங்க தைக்கிறேன்?"

"அதத்தான் நாங்களும் கேட்டுக்கினு இருக்கோம்" என்று பின்னாலிருந்து வசந்தா முணுமுணுத்தாள்.

அஞ்சலை விடவில்லை. "போன வாரம் போட்டோ புடிக்க வந்தாங்களே, அப்போ ஊசிய எடுத்துக்கினு இந்த நட்சத்திரத்தாண்டதான ஒக்காந்தீங்க? யாரா இருந்தாலும்னு நீங்கதான சொன்னீங்க? மெல்லுங்க மேடம்."

பதினோரு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு வழியில்லை. இரண்டு விரலால் நூலைத் தூக்கி, வேப்பெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மேடம் மென்றார். உருண்டையை என்னிடம் நீட்டினார்.

இந்த முறை நான் ஒற்றவில்லை. அழுத்தித் தேய்த்தேன். மூன்றே தேய். விரலை எடுத்தேன். நட்சத்திரம் பால்போல இருந்தது.

பஞ்சவர்ணம் அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

மேடம் துணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தன் விரல் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார். "இதெல்லாம் சும்மா மூடநம்பிக்கை. படிக்காதவங்க பேசுறது." கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி விடுங்க. டீம் மிஸ்டேக்."

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. குயில்ட் மறுநாள் காலையில் வண்டி ஏறியது. பன்னிரண்டு பேர் எச்சில் பட்ட போர்வையை எந்தச் சீமாட்டி மோவாய் வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாரோ! அன்போடு கையால் தைத்தது என்று அட்டையில் பாதிதான் போட்டிருக்கிறார்கள்.

ஷேர் ஆட்டோவில்

வழியெல்லாம் சிரிப்புதான். மேடம் மென்ற மெல்லலை வசந்தா செய்து காட்ட, ஆட்டோவே குலுங்கியது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். என் சாமர்த்தியத்தில் அஞ்சலையையும் காப்பாற்றினேன், என்னையும் காப்பாற்றிக்கொண்டேன், மேடத்துக்கும் ஒரு குட்டு வைத்தேன். மனசு நிறைந்து கிடந்தது.

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். உப்பளம் ஆரம்பிக்கிற இடத்தில் நானும் அஞ்சலையும் மட்டும் மிச்சம். அவள் என் கையை எடுத்து, மடக்கியிருந்த கட்டைவிரலைப் பிரித்துப் பார்த்தாள்.

"மொத ஒத்துலயே வந்துடுச்சில்ல?" என்றாள். "நான் ஒம் பின்னாடிதான நின்னுக்கினு இருந்தேன். பஞ்சுமிட்டாய் மாரி செவப்பா வந்துச்சி. நீ சுருட்டி வச்சிக்கின."

கையை இழுத்துக்கொண்டேன். "தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"சொன்னா உன்ன அனுப்பிடுவாங்க. எனக்கு இன்னா வந்துடும்?" வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆனா ஒண்ணுக்கா. எம் முறை வந்தப்போ, உருண்டைய வாங்கி அதுமேல வச்சிட்டு, உங் கை நின்னுச்சி."

"எப்போ? நிக்கலியே."

"நின்னுச்சிக்கா. ரொம்ப நேரம் நின்னுச்சி."

நின்றது உண்மைதான். கறை இளகிவிட்டது. அவள் எச்சிலை வைத்து ஒரே ஒரு தேய் தேய்த்திருந்தால் போதும். ஏற்கெனவே எல்லாரும் சந்தேகப்பட்டவள். எனக்கு ஆயுசுக்கும் பயமில்லை. அதைத்தான் அப்போது நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டால், நல்ல மனசு என்று சொல்ல ஆசைதான். மேடம் "நல்லாத் தேச்சுப் பாரு" என்று அதட்டினார். அந்த அம்மா சொல்லி நான் செய்வதா என்று ஒரு வீம்பு வந்தது. அந்த வீம்புதான் அவளைக் காப்பாற்றியது, நான் இல்லை.

பட்டறை இப்போது மூடிவிட்டது. மேடம் பாண்டிச்சேரியில் ஏதோ கடையில் இருப்பதாகக் கேள்வி. அஞ்சலை என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். இந்த வாரம் எச்சில் கதையை எழுதப்போகிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன். மேடம் மென்றதை நினைத்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எழுதுக்கா. ஆனா உங் கை நின்னதையும் எழுது. அந்தம்மாவ மட்டும் நாறடிச்சிட்டு நீ நைசா நழுவிக்கினு போயிடாத."

எழுதிவிட்டேன், அஞ்சலை.